முசோலினியின் இத்தாலி: எழுதவைத்ததா, எழுதவிடாததா, எது பெரிய பிரச்சாரம்?

மெய்ப்பாளன்

பாசிசப் பிரச்சாரம் என்ற பேச்சை எடுத்தாலே கோயபெல்ஸில் தொடங்கி அவரிடமே முடித்துவிடுவது இந்தக் களத்திலும் வழக்கமாகிவிட்டது. அவர் ஹிட்லரின் பிரச்சார அமைச்சரான 1933 மார்ச்சில் முசோலினி ரோமில் ஆட்சிக்கு வந்து பத்தாண்டுகள் கடந்திருந்தன. பதவியேற்ற மூன்று மாதத்துக்குள் கோயபெல்ஸ் இத்தாலிக்குச் சென்று அங்கே நடப்பவற்றைப் பார்த்துவந்தார். பட்டறை எங்கே இருந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பட்டறையைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முசோலினி தொழிலால் பத்திரிகைக்காரர். 1912 இறுதியில் சோஷலிஸ்டுக் கட்சியின் ‘அவாந்தி’ நாளிதழுக்கு ஆசிரியரானார், முதல் உலகப் போர் குறித்த கருத்து வேறுபாட்டில் அங்கிருந்து விலகி 1914 நவம்பரில் ‘இல் போப்போலோ தித்தாலியா’வைத் தொடங்கினார், பிரதமரானதும் அதைத் தம்பி அர்னால்தோவிடம் ஒப்படைத்தார். அச்சுக்கூடத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர் என்பதால், ஒரு பத்திரிகை எதற்கு அஞ்சும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டுரை வெட்டப்படுவதற்கு எந்த ஆசிரியரும் பெரிதாக அஞ்சுவதில்லை. நாளை பத்திரிகை வெளிவருமா, முதல் தேதி சம்பளம் வருமா என்ற கேள்விகள்தாம் அவரை உறங்கவிடாமல் செய்கின்றன.

1923 ஜூலையில் ஓர் அரசாணை தயாரானது. பொறுப்பாசிரியருக்கு மாவட்ட ஆட்சியாளர் எச்சரிக்கை விடுக்கலாம். எச்சரிக்கை மீண்டும் வந்தால் அவருடைய அங்கீகாரத்தையே பறிக்கலாம். அங்கீகாரம் பெற்ற பொறுப்பாசிரியர் இல்லாமல் பத்திரிகை வெளிவர முடியாது. இந்த ஆணையை முசோலினி ஓராண்டு கிடப்பில் வைத்திருந்தார். 1924 ஜூன் 10 அன்று சோஷலிஸ்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஜாக்கோமோ மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டு, நாடு கொதித்தெழுந்து, எதிர்க்கட்சிப் பத்திரிகைகளின் விற்பனை எகிறியபோது, ஜூலையில் அது வெளியே வந்தது. 1925 நவம்பரில் ‘கொரியேரே தெல்லா சேரா’வின் புகழ்பெற்ற ஆசிரியர் லூயிஜி அல்பெர்தீனி வெளியேற்றப்பட்டார். அவரை வெளியேற்ற, முசோலினியின் அடியாட்படையான கருஞ்சட்டையினர் தேவைப்படவில்லை. பெரும்பங்கு வைத்திருந்த பருத்தி ஆலை முதலாளிகளான கிரெஸ்பி குடும்பத்தார், பங்கு ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி வேலையை முடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று வந்த சட்டம், பத்திரிகையாளர்களுக்கென ஒரு பதிவேட்டை உருவாக்கியது. பெயர் அதில் இருந்தால் தொழில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1928-ல் வந்த விதிகள், நாட்டு நலனுக்கு மாறாகப் பொதுவில் செயல்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை என்றன. அது யாருடைய நலன் என்பதை விளக்கத் தேவையில்லை.

1928 அக்டோபரில் பத்திரிகை ஆசிரியர்களைக் கூட்டிவைத்து முசோலினி ஆற்றிய உரையில், இத்தாலியப் பத்திரிகைத் துறையைத் தாம் ஒரு வாத்தியக் குழுவாகக் கருதுவதாகச் சொன்னார். சுருதி எல்லாருக்கும் பொது. வாத்தியங்கள் வெவ்வேறாக இருக்கலாம். ஒரே கொள்கைக்கும் ஒரே ஆட்சிக்கும் ஊழியம் செய்வதால்தான் இத்தாலியப் பத்திரிகைகள் சுதந்திரமானவை என்றும் அதே மூச்சில் கூறினார். முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுருதிப் பெட்டி யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாடகர்கள் தாமாகவே இறங்கிப் பாடுவார்கள்.

என் வாதம் இதுதான். அந்த ஆட்சி சொன்ன பொய்களைவிட, அது சொல்லவிடாமல் செய்தவைதாம் அதை இருபது ஆண்டுகள் தாங்கின. பால்கனி உரைகளும் சுவரொட்டிகளும் மேற்பூச்சு. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

தென்திசை

ஐயா, மறுக்கிறேன். தங்கள் வாதம் பத்திரிகை படிப்பவர்களுக்குப் பொருந்தும். 1931 கணக்கெடுப்பின்படி இத்தாலியரில் ஐந்தில் ஒருவர் எழுத்தறியாதவர். தெற்கே கலாபிரியா போன்ற பகுதிகளில் நிலைமை இதைவிட மிக மோசம். மிலான் நகரத்துக் கனவான் காலையில் காப்பியுடன் விரித்த நாளிதழில் என்ன விடுபட்டது என்பது, பசிலிகாத்தாவின் மலைக்கிராமத்து விவசாயிக்கு எந்த வேறுபாட்டையும் உண்டாக்கியிருக்காது, ஏனெனில் அவர் வாழ்வில் நாளிதழ் என்ற ஒன்றே இருந்ததில்லை. அவரை முதன்முதலில் தேடிச் சென்ற ஊடகம் பாசிச அரசின் ஊடகம்தான்.

முதலில் திரைப்படம். 1925-ல் ‘லூச்சே’ நிறுவனம் அரசின் கைக்கு வந்தது. கல்வித் திரைப்பட ஒன்றியம் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் இத்தாலியத்தில் ‘ஒளி’ என்ற சொல் வரும். பெயர் வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். 1926 ஏப்ரலில் வந்த ஆணை, நாட்டின் திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் லூச்சே படங்களைக் காட்டியே தீர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு முதல் செய்திப்படங்கள் தொடர்ந்து வந்தன. திரையரங்கு இல்லாத ஊர்களுக்குத் திரையும் கருவியும் ஏற்றிய வண்டிகள் சென்று ஊர்ச் சதுக்கத்திலேயே படம் காட்டின. தம் வாழ்நாளில் அசையும் படத்தையே பார்த்திராத ஒருவர், கதிரடிக்கும் களத்தில் மேலாடையின்றி வியர்வை வழிய நிற்கும் நாட்டுத் தலைவரைப் பார்க்கிறார். அவரைப் பொறுத்தவரை அது மேற்பூச்சன்று, ஐயா.

அடுத்தது வானொலி. ஒலிபரப்பு 1924 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் பெட்டி வாங்க மக்களிடம் காசு இல்லை. 1933-ல் கிராம வானொலிக்கென்று ஒரு தனி அமைப்பை ஏற்படுத்திப் பள்ளிக்கூடங்களுக்கும் கட்சி அலுவலகங்களுக்கும் பெட்டிகளைக் கொடுத்தார்கள். 1937-ல் ‘ரேடியோ பலில்லா’ என்ற மலிவுப் பெட்டி 430 லீராவுக்கு வந்தது. மலிவு என்பது பெயருக்குத்தான். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் ஒரு மாத வருமானத்துக்குக் குறையாத தொகை அது. ஆகவே பெரும்பாலோர் வானொலியை வீட்டில் கேட்கவில்லை, சதுக்கத்தில் ஒலிபெருக்கியின் கீழ் நின்று கேட்டார்கள். 1935 அக்டோபர் 2 அன்று எத்தியோப்பியப் படையெடுப்பை அறிவித்த உரைக்கு முன்பு ஆலயமணிகளையும் சங்குகளையும் ஒலிக்கச்செய்து, வேலையை நிறுத்தி, நாடெங்கும் மக்களைச் சதுக்கங்களுக்கு வரவழைத்தார்கள். வீட்டில் தனியாகக் கேட்பவர் முகம் சுளிக்கலாம், பெட்டியை அணைக்கலாம். சதுக்கத்தில் பக்கத்தில் நிற்பவர் கைதட்டும்போது நீங்கள் கைகட்டி நின்றால் அதைப் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது. பெட்டிகளின் பற்றாக்குறை ஆட்சிக்கு இடையூறாக இருந்தது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது அவர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பாகவே படுகிறது.

பலேர்மோவாசி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிசிலியின் பலேர்மோவில் வசிக்கிறேன். இங்கே வியா ரோமா வீதியில் பெருந்தூண்கள் வரிசையாக நிற்கும் தலைமைத் தபாலகம் 1934-ல் முசோலினி காலத்தில் திறக்கப்பட்டது. ஊருக்குப் பணம் அனுப்ப முதன்முறை அதன் படிகளில் ஏறியபோது, காரணம் புரியாமலே என் குரல் தணிந்தது நினைவிருக்கிறது. கட்டடமும் ஓர் ஊடகந்தான் என்று பிற்பாடுதான் விளங்கியது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விடயம். இன்று இத்தாலியில் ‘வெலீனா’ என்றால், தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மேசைமீது ஆடும் இளம்பெண் என்றே எல்லாரும் பொருள்கொள்வார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் மெல்லிய தாள். தட்டச்சில் பல கார்பன் பிரதிகள் எடுக்கப் பயன்பட்ட தாள் அது. பாசிச காலத்தில் அரசின் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஆசிரியர்களுக்கு நாள்தோறும் வந்த கட்டளைகள் அந்தத் தாளில் வந்தமையால் கட்டளைக்கே ‘வெலீனா’ என்று பெயராயிற்று. 1980களின் இறுதியில் ஒரு நையாண்டிச் செய்தி நிகழ்ச்சி, செய்தித்தாளைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆட்டக்காரிகளுக்கு அந்தப் பெயரை வைத்தது. இப்போது மூலப்பொருள் பலருக்கும் மறந்துபோயிற்று.

அந்தக் கட்டளைகளில் என்ன இருந்தது என்று பார்த்தால் மெய்ப்பாளன் ஐயாவின் பக்கமே சாயத் தோன்றுகிறது. தற்கொலைச் செய்திகள் வேண்டாம்; குற்றச் செய்திகளைச் சுருக்குங்கள்; இத்தாலியக் குத்துச்சண்டை வீரர் கர்னேரா தரையில் விழுந்து கிடக்கும் படத்தைப் போடாதீர்கள்; தலைவர் தாத்தாவானதையோ அவருடைய பிறந்தநாளையோ குறிப்பிடாதீர்கள். முதுமை அவரை அண்டக்கூடாது என்பதற்காக நாட்காட்டியையே தணிக்கை செய்தார்கள். ரோமில் வெனேசியா மாளிகையில் அவருடைய அறை விளக்கை இரவெல்லாம் எரியவிட்டு, தலைவர் உறங்காமல் உழைக்கிறார் என்று ஊரார் நினைக்கும்படி செய்ததும் இதே வகைதான். விளக்கு எரிந்தது உண்மை. அதன் கீழே எவரும் இல்லை என்பதைத்தான் எழுதமுடியாது.

இளங்கதிர்

இரண்டு கேள்விகள். மக்கள் இவற்றை உண்மையிலேயே நம்பினார்களா, அல்லது நம்பியதுபோல் நடந்துகொண்டார்களா? ஜெர்மனியோடு ஒப்பிட்டால் இத்தாலியின் இயந்திரம் வலுவானதா, வலுவற்றதா?

தென்திசை

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. ஜெர்மனியில் 1933 ஆகஸ்டில் ‘மக்கள் வானொலி’ 76 மார்க்குக்கு வந்தது. 1938-ல் வந்த சிறிய பெட்டியின் விலை 35 மார்க். போர் தொடங்குவதற்குள் அங்கே உரிமம் பெற்ற வானொலிகள் ஒரு கோடியைத் தாண்டின. அதே காலத்தில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட இத்தாலியில் உரிமங்கள் 10 லட்சத்தைச் சுற்றியே இருந்தன. நிறுவன அமைப்பிலும் இத்தாலி பின்னர் ஜெர்மனியைப் பார்த்து நகலெடுத்தது: முசோலினியின் மருமகன் கலேயாத்சோ சியானோவின் பொறுப்பில் இருந்த பத்திரிகை அலுவலகம் 1934-ல் துணைச் செயலகமாகி, 1935-ல் அமைச்சகமாகி, 1937-ல் ‘மக்கள் பண்பாட்டு அமைச்சகம்’ என்று பெயர் மாறியது. இத்தாலியர் அதைச் சுருக்கி ‘மின்குல்பொப்’ என்று கேலியாக அழைத்தார்கள். ஆசிரியன் மாணவனிடம் திரும்பப் பாடம் கேட்ட கதை.

மெய்ப்பாளன்

இளங்கதிரின் முதல் கேள்விதான் கடினமானது. வாக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது. 1929 மார்ச்சில் ஒரே வேட்பாளர் பட்டியலை முன்வைத்து ‘ஆம், இல்லை’ என்று கேட்ட வாக்கெடுப்பில் 98 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’ வந்தது. ‘ஆம்’ சீட்டு தேசியக் கொடியின் மூவண்ணத்திலும் ‘இல்லை’ சீட்டு வெறும் வெள்ளையிலும் இருந்தன என்பதையும், எதை மடித்துப் போடுகிறீர்கள் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கூட்டத்தின் எண்ணிக்கையை வைத்தும் சொல்ல முடியாது. ஆட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 1932 அக்டோபர் 28 அன்று ரோமில் தொடங்கிய பாசிசப் புரட்சிக் கண்காட்சியை இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் பார்த்தார்கள். கண்காட்சிக்கு வருவோருக்கு ரயில் கட்டணத்தில் 70 விழுக்காடு தள்ளுபடி உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர்கள் சார்த்தரும் சிமோன் தெ பூவாவும்கூட அந்தத் தள்ளுபடியில்தான் 1933-ல் இத்தாலி சுற்றினார்கள். அவர்களையும் 40 லட்சத்தில் சேர்த்துக்கொண்டு ‘மக்கள் ஆதரவு’ என்று எழுதிவிடலாம், எழுதினார்கள்.

வரலாற்றாய்வாளர் ரென்சோ தெ ஃபெலிச்சே, 1929 முதல் 1936 வரையிலான ஆண்டுகளில் ஆட்சிக்கு மக்களின் ஒப்புதல் இருந்தது என்று 1974-ல் எழுதியபோது இத்தாலியில் பெரும் சச்சரவு எழுந்தது. மறுத்துப் பேசினால் வேலையும் வீடும் போகும் என்ற நிலையில் கிடைப்பதை ஒப்புதல் என்று சொல்லலாமா என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது என்பதே என் எண்ணம்.

ஆழிசூழ்

இந்தியாவிலிருந்து சென்ற இரண்டு விருந்தினர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்த இயந்திரம் எவ்வாறு இயங்கியது என்பது நமக்கு நன்றாக விளங்கும்.

1925 இறுதியில் கார்லோ ஃபொர்மிகி, ஜுசெப்பே தூச்சி என்ற இரு வடமொழி அறிஞர்கள் முசோலினியின் அன்பளிப்பாக ஒரு நூல்தொகுதியுடன் சாந்திநிகேதனம் வந்தார்கள். அந்த விருந்தோம்பலின் தொடர்ச்சியாக 1926 மே இறுதியில் தாகூர் நேப்பிள்ஸில் வந்து இறங்கினார். ரோமில் முசோலினியைச் சந்தித்தார். அவருக்கு இத்தாலிய மொழி தெரியாது. அவர் முசோலினியின் ஆளுமையைப் பற்றிச் சொன்ன மரியாதைச் சொற்கள், பாசிசத்துக்கு அளித்த வாழ்த்தாக மாறி நாளிதழ்களில் வந்தன. மக்களை வாட்டி எடுத்துப் பெறும் செல்வம் குறித்த அவருடைய ஐயங்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்து சென்று பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தையும் நாடுகடந்து வாழ்ந்த இத்தாலியரையும் சந்தித்த பிறகே, தம் பெயரால் என்ன அச்சாகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. நண்பர் ஆண்ட்ரூஸுக்கு அவர் எழுதிய மறுப்புக் கடிதம் 1926 ஆகஸ்டில் ‘மான்செஸ்டர் கார்டியன்’ இதழில் வெளியானது. அதுவரை முனிவர் என்று போற்றிய அதே இத்தாலியப் பத்திரிகைகள் அடுத்த வாரமே அவரைத் தூற்றின. சுருதி மாறியது, வாத்தியங்களும் மாறின.

காந்தி வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் 1931 டிசம்பரில் ரோமுக்கு வந்து முசோலினியைச் சில நிமிடங்கள் சந்தித்தார். அவர் கப்பலேறியபின், சட்டமறுப்பை மீண்டும் தொடங்கப்போவதாக அவர் கூறியதாக ‘ஜொர்னாலே தித்தாலியா’ ஒரு பேட்டியை வெளியிட்டது. அப்படிப்பட்ட பேட்டி எதையும் தாம் அளிக்கவில்லை என்று காந்தி கப்பலிலிருந்தே தந்தியில் மறுத்தார். பத்திரிகையோ தன் செய்தி உண்மை என்று சாதித்தது. இங்கே எழுதவிடாமல் செய்தது எங்கே இருக்கிறது? சொல்லாததைச் சொன்னதாக எழுதவைத்ததே இருக்கிறது. ஆகவே மெய்ப்பாளன் ஐயாவின் வாதத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

மெய்ப்பாளன்

நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாகூரின் மறுப்பும் காந்தியின் மறுப்பும் உலகுக்குக் கிடைத்தன. இத்தாலிய வாசகருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. பொய்யைச் சொல்வது எளிது. மறுப்பு வரும் வழியை அடைப்பதில்தான் ஆட்சியின் வலிமை இருக்கிறது. 1926 அக்டோபர் இறுதியில் போலோஞாவில் முசோலினியின்மீது நடந்த கொலை முயற்சிக்குப்பின் எதிர்க்கட்சிகளும் அவற்றின் ஏடுகளும் ஒரேயடியாக மூடப்பட்டன. அதற்கு முன்பே ‘இல் மோன்தோ’ நாளிதழின் ஜொவான்னி அமெந்தோலா கருஞ்சட்டையினரிடம் பட்ட அடியிலிருந்து மீளாமல் 1926 ஏப்ரலில் பிரான்சில் இறந்தார். தூரினில் சிற்றேடு நடத்திய இளைஞர் பியேரோ கொபெத்தியின் வாழ்க்கையை மீண்டும் கடினமாக்கும்படி மாவட்ட ஆட்சியாளருக்கு 1924 ஜூனில் முசோலினியே தந்தி அனுப்பினார். கொபெத்தி 1926 பிப்ரவரியில், 25 வயது நிறைவதற்கு முன்பே, பாரிசில் இறந்தார். ஒரு நாட்டின் பிரதமருக்கு அந்தச் சிற்றேட்டைப் பற்றித் தந்தி எழுத நேரமிருந்தது என்பதே, அவர் எதைக் கண்டு அஞ்சினார் என்பதற்குச் சான்று.

தென்திசை

எத்தியோப்பியாவைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமை பெறாது. இதில் நம் இருவருக்கும் இடமுண்டு.

படையெடுப்புக்காக இத்தாலியின்மீது சர்வதேச சங்கம் விதித்த பொருளாதாரத் தடை 1935 நவம்பர் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 18 அன்று, பெண்கள் தங்கள் திருமண மோதிரங்களை நாட்டுக்கு அளிக்கும் நாள் அறிவிக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் ‘ஃபேதே’ என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்றும் திருமண மோதிரம் என்றும் பொருள் உண்டு. அந்தச் சிலேடையையே நாளின் பெயராக்கினார்கள். ரோமில் பெயரறியாப் போர்வீரன் நினைவிடத்தின் முன்பு மழையில் அரசி எலெனாவே முதலில் மோதிரத்தைக் கழற்றி இட்டார். தங்கத்துக்கு ஈடாக எஃகு மோதிரம் கிடைத்தது. நாடகாசிரியர் பிராந்தெல்லோ தம் நோபல் பதக்கத்தைக் கொடுத்தார். பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்துவந்த தத்துவவாதி குரோச்சேயும் தம் செனட்டர் பதக்கத்தைக் கொடுத்தார் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மறுநாள் முதல் எஃகு மோதிரம் அணிந்த விரல் ஒரு விளம்பரப் பலகை. அதை அணியாத விரலைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசினார்கள். லூச்சே இதைப் படம் பிடித்து நாடெங்கும் காட்டியது. எத்தியோப்பியாவைப் பிடித்து 1936 மே 9 அன்று பேரரசை அறிவித்தபோது சதுக்கங்களில் எழுந்த ஆரவாரத்தைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெருந்தொகையான மக்கள் அன்று உண்மையாகவே மகிழ்ந்தார்கள்.

மெய்ப்பாளன்

மகிழ்ந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எதை அறியாமல் மகிழ்ந்தார்கள்? கடுகு வாயு என்ற நச்சுவாயு நிரப்பிய குண்டுகளை எத்தியோப்பியர்மீது வீசியது அவர்கள் படித்த எந்த ஏட்டிலும் இல்லை. 1936 ஜூன் 30 அன்று ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி அதைச் சொல்ல எழுந்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து ஊதல் ஊதி அவரைப் பேசவிடாமல் செய்தவர்கள் யார் தெரியுமா? இத்தாலியப் பத்திரிகையாளர்கள். நான் முதலில் சொன்ன பதிவேடு பத்தே ஆண்டில் செய்தியாளனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு இதைவிட வேறு காட்சி வேண்டியதில்லை. செய்தியை எழுத வேண்டியவன் அது காதில் விழாமலிருக்க ஊதல் ஊதுகிறான்.

அந்த மௌனம் ஆட்சியோடு முடியவும் இல்லை. எத்தியோப்பியாவில் இளம் அதிகாரியாகப் போரிட்டு, பின்னாளில் இத்தாலியின் மிகப் பெரிய பத்திரிகையாளர் என்று பெயரெடுத்த இந்திரோ மொந்தனெல்லி, வாயுவே பயன்படுத்தப்படவில்லை என்று பல பத்தாண்டுகள் வாதிட்டார். ஆய்வாளர் ஆஞ்சலோ தெல் போக்கா ஆவணங்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். 1996-ல் இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்ட பிறகுதான் மொந்தனெல்லி தம் தவற்றை ஏற்றார். அறுபது ஆண்டுகள், ஐயா. எந்தச் சுவரொட்டியும் அவ்வளவு காலம் சுவரில் தங்காது.

தென்திசை

அந்த ஊதலுக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சதுக்கத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இளங்கதிர்

வெளிநாட்டு மக்களை நோக்கியும் இத்தாலி ஒலிபரப்பியதா?

ஆழிசூழ்

ஒலிபரப்பியது. 1934-ல் பாரி நகர நிலையத்திலிருந்து அரபு மொழியில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பாலஸ்தீனத்திலும் எகிப்திலும் பிரிட்டனுக்கு எதிரான உணர்வைத் தூண்டுவதே நோக்கம். இசையும் கவிதையும் நடுநடுவே செய்தியுமாக வந்த அந்த ஒலிபரப்பு காப்பிக் கடைகளில் நன்றாகவே எடுபட்டது. அதற்குப் பதிலடியாக பிபிசி 1938 ஜனவரி 3 அன்று அரபுச் சேவையைத் தொடங்கியது. ஆங்கிலம் அல்லாத மொழியில் பிபிசி நடத்திய முதல் வெளிநாட்டுச் சேவை அதுதான். அந்த வரிசையில் அடுத்தடுத்து மொழிகள் சேர்ந்து 1941-ல் தமிழும் வந்தது. பிபிசியின் தமிழோசையைக் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு அதன் பூர்வகதையில் முசோலினியும் ஒரு பாத்திரம் என்பது தெரிந்திராது.

பலேர்மோவாசி

எதிர்ப்புக் குரல் அறவே இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். 1931 அக்டோபர் 3 அன்று மாலை லௌரோ தெ போசிஸ் என்ற கவிஞர், விமானம் ஓட்டிப் பழகிச் சில மணி நேர அனுபவமே உள்ளவர், தன்னந்தனியாக ரோமுக்கு மேலே பறந்து 4 லட்சம் துண்டறிக்கைகளைத் தெருக்களில் தூவினார். திரும்பும் வழியில் அவரும் விமானமும் காணாமல் போனார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் அந்த நகரத்தின்மேல் வேறொரு ஊடகம் இருந்தது. மறுநாள் ஏடுகளில் அதைத் தேடிப் பயனில்லை.

வத்திக்கான் தனி நாடு என்பதால் அதன் நாளிதழான ‘லொஸ்ஸெர்வத்தோரே ரொமானோ’ இத்தாலியத் தணிக்கைக்கு உட்படவில்லை. போர்க்காலச் செய்திகளுக்காக மக்கள் அதைத் தேடி வாங்கினார்கள். 1940 வசந்தத்தில் அதை விற்றவர்களையும் கையில் வைத்திருந்தவர்களையும் பாசிசக் கும்பல்கள் அடித்தன. பிறகு லண்டன் வானொலி வந்தது. கேட்பது குற்றம் என்றாலும் கதவைச் சாத்திப் போர்வைக்குள் பெட்டியை வைத்துக் கேட்டார்கள். தென்திசை அவர்கள் சொன்ன அந்தச் சதுக்கம் அப்போது வீட்டின் உள்ளறைக்கு இடம் மாறிவிட்டது. என் வீட்டு உரிமையாளர் அம்மையார் சிறுமியாக இருந்தபோது, 1943-ல் பலேர்மோ குண்டுவீச்சில் அவர்களுடைய தெருவே சரிந்தது. மறுநாள் வானொலி சொன்ன செய்தியைக் கேட்டுத் தந்தை சிரித்தார் என்றும், அதற்குமுன் தந்தை அப்படிச் சிரித்துத் தாம் பார்த்ததில்லை என்றும் அவர் என்னிடம் சொன்னார்.

தென்திசை

அந்தச் சிரிப்பை எத்தனை வெலீனா வந்தாலும் நிறுத்த முடிந்திருக்காது. 1940 ஜூன் 10 அன்று போர் அறிவித்த உரையை அதே சதுக்கங்களில் அதே ஒலிபெருக்கிகளில் கேட்டவர்கள், மூன்று ஆண்டுகளில் கிரீசையும் வட ஆப்பிரிக்காவையும் ரஷ்யப் பனியையும் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பாத மகனைப் பற்றி அமைச்சகத்தால் எதையும் எழுதவைக்கவும் முடியாது, எழுதவிடாமல் செய்யவும் முடியாது.

1943 ஜூலை 25 இரவு 10.45 மணிக்கு, முசோலினியின் பதவி விலகலை மன்னர் ஏற்றுக்கொண்டார் என்று வானொலி அறிவித்தது. வழக்கமான செய்தி வாசிப்பாளர், வழக்கமான நிலையம். மக்கள் இரவு உடையிலேயே தெருவுக்கு ஓடிவந்து கட்சிச் சின்னங்களைப் பெயர்த்தெறிந்தார்கள். அரசுச் செய்தி முகமையான ‘ஸ்தேஃபானி’யின் தலைவர் மன்லியோ மொர்கானி, தலைவர் விலகிவிட்டார், என் வாழ்வும் முடிந்தது என்ற பொருள்பட ஒரு குறிப்பை எழுதிவைத்துவிட்டுத் தம்மைச் சுட்டுக்கொண்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்த முகமையின் வழியே சென்ற ஒவ்வொரு சொல்லையும் அறிந்தவர் அவர். அந்தச் சொற்களை இறுதிவரை நம்பியவர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கிறார்.

இளங்கதிர்

மெய்ப்பாளன் ஐயா சொன்ன அந்தப் பத்திரிகையாளர் பதிவேடு பின்னர் என்னவாயிற்று?

பலேர்மோவாசி

இன்றும் இருக்கிறது. 1963-ல் குடியரசின் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி அதைப் பத்திரிகையாளர்களின் தன்னாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தது. அரசின் பிடி இப்போது அதில் இல்லை. என் நண்பர் ஒருவர் இங்கே ஓர் உள்ளூர் ஏட்டில் பணிபுரிகிறார். பதிவேட்டில் சேர்வதற்கான தேர்வில் தேறி அவர் பெற்ற அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பெருமையுடன் காட்டினார். அது எந்த ஆண்டுச் சட்டத்தில் பிறந்த வழக்கம் என்று அவருக்குத் தெரியும். கேட்டதற்கு, ‘தபாலகமும் அந்தக் காலத்தில் கட்டியதுதான், நீ அங்கே போய்த்தானே பணம் அனுப்புகிறாய்’ என்றார்.